போர்க்கால உரைகளில் 'சுதந்திரம்' யாருக்கு? (விவாத இழை)

இளவேனில்

மூன்று மாதமாகப் போர்க்கால உரைகளைத் தேதி வரிசையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுத்தான் படிக்கிறேன். மேடையில் பேசியதை மௌனமாகப் படித்தால் பாதிதான் நமக்கு வந்து சேரும்.

எல்லா உரைகளிலும் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று சுதந்திரம், மற்றது கொடுங்கோன்மை. நாம் முதலாவதன் பக்கம், எதிரி இரண்டாவதன் பக்கம். ஏதென்ஸ் முதல் பாக்தாத் வரை இந்த ஏற்பாடு மாறவே இல்லை.

என்னை நிறுத்திவைத்தது சர்ச்சில் 1940 மே 13 அன்று நாடாளுமன்றத்தில் பேசியது. பிரதமராகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 'ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை இவற்றைத் தவிரத் தருவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை' என்ற வரி எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சற்றுப் பின்னால், மனிதக் குற்றங்களின் இருண்ட பட்டியலிலேயே இதற்கு மிஞ்சியது இல்லை என்னும்படியான ஒரு கொடுங்கோன்மையை எதிர்த்துப் போரிடுவதே எங்கள் கொள்கை என்கிறார். உண்மையான பேச்சு. நாஜிகளைப் பற்றி அன்று அப்படிச் சொன்னவர் சரியாகவே சொன்னார்.

அதே மூச்சில் அடுத்த பகுதி வருகிறது. வெற்றி இல்லையென்றால் பிழைப்பு இல்லை, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குப் பிழைப்பு இல்லை, அந்தச் சாம்ராஜ்யம் எவற்றுக்காக நின்றதோ அவற்றுக்கும் பிழைப்பு இல்லை என்கிறார். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவள் 'சாம்ராஜ்யம்' வந்ததும் நின்றுவிட்டேன். சில வரிகளுக்கு முன்தான் கொடுங்கோன்மை என்ற சொல் என் நாக்கில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியாவில் ஒருவரையும் கேட்காமல் 'இந்தியாவும் போரில் இருக்கிறது' என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்திருந்தார். போர் முடிவதற்குள் 25 லட்சம் இந்தியர்கள் அந்தச் சீருடையை அணிந்தார்கள்.

என் கேள்வி இதுதான். இப்படிப் பேசியவர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்வதா, உண்மையைப் பாதியோடு நிறுத்தினார் என்று எடுத்துக்கொள்வதா? இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தெரியவில்லை.

பழைய வானொலி

நல்ல இழை, இளவேனில். ஆனால் ஒரு வேண்டுகோள். பேசிய நேரத்தை விட்டுவிட்டுப் பேச்சை எடை போட வேண்டாம்.

1940 மே கடைசியில் லண்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். மே 26 முதல் 28 வரை போர் அமைச்சரவை மூடிய அறைக்குள் விவாதித்துக்கொண்டிருந்தது. இத்தாலி மூலமாகச் சமாதானப் பேச்சுக்கு வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை சிக்கிக் கிடந்தது. எத்தனை பேரை மீட்க முடியும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 3,38,000 பேர் மீட்கப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்கு அன்று தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் 'விட்டுக்கொடுக்க மாட்டோம்' என்று ஒருவர் எழுந்து சொல்வது வெறும் அலங்காரம் இல்லை. அந்தச் சொற்கள்தான் அன்றைக்குக் கையில் இருந்த ஆயுதம்.

ஒரு தகவல். ஜூன் 4 அன்று சர்ச்சில் 'கடற்கரைகளில் போரிடுவோம்' என்று பேசினாரே, அதை மக்கள் அவர் குரலில் அன்று கேட்கவில்லை. அவர் பேசியது நாடாளுமன்றத்தில். மாலையில் வானொலியில் செய்தி வாசிப்பவர்தான் பகுதி பகுதியாகப் படித்தார். நாம் இன்று கேட்கும் ஒலிப்பதிவு 1949இல் செய்தது. அன்றைய குடும்பங்கள் வேறொருவர் குரலில், செய்தியாகத்தான் அதைக் கேட்டன. அப்படியும் அது நெஞ்சில் நின்றது.

இளவேனில்

// பேசிய நேரத்தை விட்டுவிட்டுப் பேச்சை எடை போட வேண்டாம் //

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஜூன் 4 உரையைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் நேரம் மாறிய பிறகும் சர்ச்சில் மாறவில்லையே. 1941 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் அவரும் சேர்ந்து அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டார்கள். தமக்கு எந்த ஆட்சி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்கிறது அதன் மூன்றாவது அம்சம். 'எல்லா மக்களுக்கும்.' இந்தியாவிலும் பர்மாவிலும் அதைப் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார். நாங்கள் முதன்மையாக நினைத்தது நாஜி நுகத்தடியில் கிடக்கும் ஐரோப்பிய நாடுகளைத்தான், பிரிட்டிஷ் முடிக்குக் கட்டுப்பட்ட பகுதிகளின் கதை வேறு என்றார். இது டன்கர்க் நேரத்து அவசரத்தில் பேசியதல்ல, யோசித்துப் பேசியது.

மருதன்

சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். நான் தமிழாசிரியன், வேறு வழி தெரியாது.

நாம் இங்கே பயன்படுத்தும் கொடுங்கோன்மை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கொடும் கோல். கொடுமை என்பதற்கு வளைவு என்றும் பொருள் உண்டு. செங்கோல் நேராக நிற்கும் கோல், கொடுங்கோல் வளைந்துபோன கோல். குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள், 55, 56. வேலோடு வழிமறிக்கிற கள்வன் 'கொடு' என்பதும் கோலோடு நிற்கிற அரசன் கேட்பதும் ஒன்றுதான் என்று ஒரு குறள். அங்கே பேசப்படுவது கடல் தாண்டி வந்த எதிரி இல்லை, நம்முடைய அரசன்தான். கோல் வளைவதும் நம் கையில் இருக்கும் கோல்தான்.

போர் உரைகள் செய்வது இதற்கு நேர்மாறு. கொடுங்கோன்மை என்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுகின்றன. அது எதிரியின் ஊர்ப் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. நம் கோல் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் போர் முடியும்வரை தள்ளிப்போகிறது.

விதிவிலக்காக ஒன்று உண்டு, மிகப் பழையது. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ். கி.மு. 431இல் போரில் இறந்தவர்களுக்காக அவர் நிகழ்த்திய உரையில் ஏதென்ஸின் பெருமையைச் சொல்கிறார். மகிழ்ச்சி என்பது சுதந்திரம், சுதந்திரம் என்பது துணிவு என்கிறார். இது பலருக்குத் தெரியும். மறு ஆண்டு கொள்ளைநோய் வந்து ஊரில் பலர் செத்துக்கொண்டிருந்தபோது, மக்கள் கோபத்தோடு அவரைச் சூழ்ந்துகொண்டபோது, அவர் சொன்னதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் பேரரசு இப்போது ஒரு கொடுங்கோன்மை போல ஆகிவிட்டது, அதைப் பிடித்தது தவறாக இருக்கலாம், ஆனால் விடுவது ஆபத்து என்றார். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அதைக் கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கொடுங்கோலன் குடும்பத்தில் ஒருவனைக் குத்திக் கொன்ற இரண்டு பேருக்கு ஊர் நடுவில் சிலை வைத்துக் கொண்டாடியவர்கள். அந்தச் சிலையைக் கடந்துதான் அன்றாடம் போனார்கள். அவர்களைப் பார்த்து 'நீங்கள்தான் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள்' என்று சொந்தத் தலைவரே சொல்கிறார். மூன்று ஆண்டு கழித்து, ஏதென்ஸின் பிடியில் இருந்த மிட்டிலீன் நகரம் கலகம் செய்தபோது, கிளியோன் என்ற அரசியல்வாதி இதையே இன்னும் கரடுமுரடாகச் சொன்னான். 'போல' என்பதுகூட இல்லை. உங்கள் பேரரசு கொடுங்கோன்மையேதான், ஆகவே இரக்கப்படாதீர்கள் என்றான். அந்த முறை மக்கள் ஒரே நாளில் மனம் மாறி, கொல்லச் சொல்லி அனுப்பிய கப்பலைப் பிடிக்க இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். மயிரிழையில் போய்ச் சேர்ந்தது. மீலோஸ் தீவுக்குக் கி.மு. 416இல் அப்படி ஒரு கப்பல் போகவில்லை. ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

ஆக, இளவேனிலின் கேள்விக்கு என் பதில் இது. பெரிக்ளிஸ் இரண்டு உரைகளிலும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவை. நாம் முதல் உரையை மட்டும் மனப்பாடம் செய்கிறோம், தவறு அங்கேதான் நடக்கிறது.

நேர்கோடு

மருதன் ஐயா, அருமை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. எல்லாரையும் 'பாதி உண்மை' என்று ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. சுதந்திரம் என்ற சொல்லை நாஜிகளும் பயன்படுத்தினார்கள்.

1935இல் நியூரம்பெர்கில் நடந்த கட்சி மாநாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சுதந்திர மாநாடு'. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையிலிருந்து விடுதலை என்று பொருள் சொன்னார்கள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் அறிவிக்கப்பட்டது அதே மாநாட்டில்தான். பெயர்ப்பலகையில் சுதந்திரம், மேடையில் அந்தச் சட்டம். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ், 1943 பிப்ரவரி 18, பெர்லின். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து இரண்டு வாரம். பொறுக்கி எடுத்து உட்கார வைத்த கூட்டம். பத்துக் கேள்விகள் கேட்கிறார். முழுமையான போர் வேண்டுமா? ஆம் என்று அரங்கம் அதிர்கிறது. உரையை முடிக்கும்போது, 1813இல் நெப்போலியனை எதிர்த்த விடுதலைப் போரில் இறந்த இளங்கவிஞன் கோர்னரின் வரியைத் தழுவி, மக்களே எழுங்கள், புயலே வீசு என்கிறார். ஒரு விடுதலைப் போரின் வரியை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைக்கிறார்.

எப்படிப் பிரிப்பது என்று இளவேனில் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வழி. அந்த உரையில் 'இல்லை' என்று சொல்ல யாருக்காவது இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கோயபல்ஸ் கேட்ட பத்தில் ஒன்றுக்குக்கூட 'இல்லை' என்ற பதில் சாத்தியமில்லை. அவர்கள் பேசிய சுதந்திரம் தேசத்தின் சுதந்திரம், இனத்தின் சுதந்திரம். மறுத்துப் பேசும் ஒரு தனி மனிதனுக்கு அதில் ஒரு அங்குலம் கிடையாது. லண்டனில் ஹாலிஃபாக்ஸ் எதிர்த்துப் பேசினார், பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். இந்த வித்தியாசத்தைச் சிறியது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுடர்க்கொடி

// 'இல்லை' என்று சொல்ல யாருக்காவது இடம் இருக்கிறதா //

உங்கள் அளவுகோலை வைத்து முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனை அளந்து பாருங்கள். 1917 ஏப்ரல் 2, ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான உலகம் வேண்டும் என்று சொல்லி அமெரிக்காவைப் போருக்குள் கொண்டுபோனார். ஜூனில் உளவுச் சட்டம் வந்தது, போரை எதிர்த்துப் பேசியவர்கள் மேலும் அது பாய்ந்தது. மறு ஆண்டு ஜூன் 16, ஒஹாயோவில் கேன்டன் என்ற ஊரில் யூஜின் டெப்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர் ஒரு பூங்காவில் நின்று பேசினார். போரை அறிவிப்பது எப்போதும் ஆளும் வர்க்கம், சண்டையிட்டுச் சாவது எப்போதும் கீழ் வர்க்கம் என்றார். அவர் செய்தது அவ்வளவுதான், ஒரு பேச்சு. பத்தாண்டு சிறை. சிறையில் ஒரு ஜீவன் இருக்கும்வரை நான் சுதந்திரமானவன் இல்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். 1920 அதிபர் தேர்தலில் சிறையிலிருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். 1921 டிசம்பரில் அடுத்த அதிபர் ஹார்டிங்தான் வெளியே விட்டார். போர் முடிந்து மூன்று ஆண்டு ஆன பிறகு!

ஜனநாயகம் பேசிய வில்சன் அவரை விடவே இல்லை.

நேர்கோடு

சரி, அந்த இடத்தில் என் அளவுகோல் வில்சனைச் சும்மா விடாது. விடவும் கூடாது. ஆனால் டெப்ஸின் பெயரும் பேச்சும் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, 9 லட்சம் பேர் அவருக்கு வாக்களிக்க முடிந்திருக்கிறது. பெர்லினில் அப்படி ஒருவர் என்ன ஆகியிருப்பார் என்பதையும் சேர்த்தே யோசிக்கிறேன்.

சேய்மை

லிங்கன் பற்றி யாரும் பேசவில்லையே? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பேசிய கெட்டிஸ்பர்க் உரை?

இளவேனில்

கெட்டிஸ்பர்க் (1863 நவம்பர் 19, ஏறத்தாழ 270 சொற்கள், இரண்டு நிமிடம்) எல்லாரும் அறிந்தது. நான் அதைவிட உயர்வாக மதிக்கும் லிங்கன் உரை வேறொன்று. 1864 ஏப்ரல் 18, பால்டிமோர். காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட நடந்த ஒரு கண்காட்சியில் பேசியது.

இடம் முக்கியம். பால்டிமோர் இருப்பது மேரிலாந்தில். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கோடு சேராமல் வடக்கோடு நின்ற மாநிலம்தான், ஆனால் அடிமை முறை இருந்த மாநிலம். மூன்று ஆண்டுக்கு முன் இதே நகரத்தின் தெருவில்தான் லிங்கனின் படைவீரர்களைக் கும்பல் தாக்கியது. அவரும் அந்த மாநிலத்தில் விசாரணையில்லாமல் பலரைச் சிறையில் வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார்: சுதந்திரம் என்ற சொல்லுக்கு உலகம் இதுவரை நல்ல விளக்கம் ஒன்றைக் கண்டதில்லை. எல்லாரும் சுதந்திரத்தின் பக்கம் என்கிறோம், ஆனால் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. சிலருக்குச் சுதந்திரம் என்றால் தன் உடம்பையும் தன் உழைப்பின் பலனையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது. வேறு சிலருக்கு, அடுத்தவரையும் அடுத்தவர் உழைப்பையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது.

பிறகு ஓநாய் வருகிறது. ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை விரட்டுகிறான் மேய்ப்பன். ஆடு அவனை விடுதலை தந்தவன் என்று கும்பிடுகிறது. ஓநாயோ, என் சுதந்திரத்தை அழித்துவிட்டான் என்று அவனைத் தூற்றுகிறது. அதிலும் அது கருப்பு ஆடாக இருந்துவிட்டால் இன்னும் கோபம். இப்படியே போகிறது.

எனக்குத் தெரிந்து, போர் நடந்துகொண்டிருக்கும்போதே 'இந்தச் சொல்லை எதிரியும் உண்மையாகவே நம்பிப் பேசுகிறான்' என்று ஒத்துக்கொண்ட தலைவர் இவர் ஒருவர்தான். தெற்கத்தியர் சுதந்திரம் என்று முழங்கியது நடிப்பு இல்லை. நிஜமாகவே நம்பினார்கள். ஓநாயும் நடிக்கவில்லை. அதனால்தான் யார் எவ்வளவு உருக்கமாகப் பேசினார்கள் என்பது அளவுகோல் ஆகாது. யாருடைய கழுத்து என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆட்டிடம் கேட்க வேண்டும். உரைத் தொகுப்புகளில் ஆட்டின் குரல் அநேகமாக இருப்பதே இல்லை.

பால்மரத்துப் பேத்தி

இளவேனில், உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நான் மலேசியா. என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு 13, 14 வயது. 1943இல் நேதாஜி பேசிய ஒரு கூட்டத்துக்குத் தோட்டத்திலிருந்து எல்லாரும் போயிருக்கிறார்கள். அவர் பேசப் பேசத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்களாம். பாட்டியின் அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் பலர் அன்று தாலியைக்கூடக் கழற்றினார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். பால் மரம் சீவி வயிறு கழுவியவர்கள். தோடு என்றால் அவர்களிடம் இருந்த மொத்த சொத்து.

அதே ஆண்டில் பாட்டியின் அண்ணனைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜப்பானியர்கள்தான். நேதாஜியை மேடையில் நிற்க வைத்தவர்களும் அவர்கள்தான். அண்ணன் திரும்பி வரவில்லை.

தேதிகளைப் பின்னால் நானே தேடிப் பார்த்தேன். சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம் காட்டுக்குள் ஒன்றாக இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜியின் சுதந்திர இந்திய அரசாங்கம் பிரகடனம் செய்யப்பட்டது அக்டோபர் 21. நடுவில் நான்கே நாள். அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர். செத்த ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகம், அதில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக இல்லை.

நேதாஜி பேசியது பொய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் படம் இன்றும் கூடத்தில் இருக்கிறது. அவருடைய படையில் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணி ரெஜிமெண்டில் துப்பாக்கி பிடித்தார்கள், அதுவரை கங்காணியின் கண்ணைப் பார்த்துப் பேசாதவர்கள். அதுவும் நிஜம். இரண்டையும் சேர்த்து எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மருதன்

உங்கள் பாட்டியின் அண்ணனை நினைத்துக்கொள்கிறேன் அம்மா.

பழைய வானொலி

பேத்தி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் நான் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. சொற்களை ஆயுதம் என்றேன். யார் கையில் என்று நான் சொல்லவில்லை.

அந்தப் போரில் சுதந்திரம் என்ற சொல்லைச் சரியாகத் திருப்பிப் பிடித்தவர் காந்தி என்று நினைக்கிறேன். 1942 ஜூலை 1 அன்று ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், தனிமனித சுதந்திரத்துக்காகவும் ஜனநாயகத்துக்காகவும் போரிடுகிறோம் என்று நேச நாடுகள் சொல்வது, இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவில் கறுப்பர் பிரச்சினை இருக்கும்வரை, உள்ளீடற்றதாகத்தான் ஒலிக்கிறது என்றார். அவர்களுடைய சொல்லையே எடுத்து அவர்கள் முன்னால் வைக்கிறார்.

ஆகஸ்ட் 8 இரவு, பம்பாய் கோவாலியா குளம் மைதானம். 'செய் அல்லது செத்து மடி' என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இந்தக் கணத்திலிருந்து உங்களில் ஒவ்வொருவரும் உங்களைச் சுதந்திர மனிதராக எண்ணிக்கொள்ளுங்கள், அப்படியே நடந்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னது. மற்ற எல்லாத் தலைவர்களும் 'வெற்றிக்குப் பிறகு சுதந்திரம்' என்கிறார்கள். இவர் 'இப்போதே' என்கிறார். பிரிட்டிஷ் மக்கள் மேல் வெறுப்பு வேண்டாம் என்றும் அதே உரையில் சொல்கிறார். விடிவதற்குள் கைது செய்துவிட்டார்கள்.

சுடர்க்கொடி

அமெரிக்காவிலும் இதே போல் நடந்தது. 1941 ஜனவரி 6, ரூஸ்வெல்ட்டின் நான்கு சுதந்திரங்கள் உரை. பேச்சு, வழிபாடு, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. 'உலகில் எங்கும்' என்று ஒவ்வொன்றின் பின்னாலும் சேர்த்துக்கொண்டே போவார். பதின்மூன்று மாதத்தில் அவரே ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டு, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அச்சத்திலிருந்து விடுதலை என்று கேட்ட காதுகளோடு மூட்டை கட்டினார்கள்.

ஆனால் 1942 தொடக்கத்தில் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் பிட்ஸ்பர்க் வார இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்திலிருந்து இரட்டை வெற்றி இயக்கம் கிளம்பியது. வெளியே இருக்கும் கொடுங்கோலன் மேல் ஒரு வெற்றி, உள்ளே இருக்கும் கொடுமை மேல் ஒரு வெற்றி. தலைவர் ஒரு அர்த்தத்தில் சொன்னார், கேட்டவர்கள் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். இளவேனில் கேட்ட 'பாதி உண்மை'யின் மறுபாதி இப்படித்தான் வந்து சேர்கிறது என்று நினைக்கிறேன். பேசியவர் கொடுத்ததில்லை, கேட்டவர்கள் பிடுங்கிக்கொண்டது.

நேர்கோடு

ஹோ சி மின் 1945 செப்டம்பர் 2. ஹனோய் பா தின் சதுக்கம். வியட்நாமின் சுதந்திரப் பிரகடனத்தை அமெரிக்கப் பிரகடனத்தின் வரியோடு ஆரம்பிக்கிறார், அடுத்து பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமை அறிக்கை. ஆண்டவர்களின் சொல், ஆளப்பட்டவர்களின் வாயில். நடுவில் நிறுத்தி, 'நான் சொல்வது கேட்கிறதா?' என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். 'கேட்கிறது' என்று லட்சக்கணக்கான குரல்.

கோயபல்ஸும் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார் என்று மேலே எழுதினேன். இவர் கேட்டது வேறு மாதிரிக் கேள்வி. படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அதையும் அங்கேயே விட்டுவிட மனமில்லை. 1975இல் போர் முடிந்த பிறகு அதே நாட்டில் எத்தனையோ பேர் மறுகல்வி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டார்கள். சொல்லைப் பிடுங்கியவர் கையிலும் கோல் வளையலாம். மருதன் ஐயா சொன்னது சரிதான், அது எப்போதும் நம் கையில் இருக்கிற கோல்.

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. மருதன் ஐயா சொன்னபடி பெரிக்ளிஸின் இரண்டாவது உரையை இன்று வாய்விட்டுப் படித்தேன். முதலாவதைவிடக் கடினமாக இருந்தது.

பேத்தி அக்கா, ஒன்று கேட்கலாமா? சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் தமிழில் மொழிபெயர்த்தவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று பாட்டி எப்போதாவது சொன்னாரா? சுதந்திரமா, விடுதலையா?

பால்மரத்துப் பேத்தி

இரண்டும் வந்ததாம். பாட்டிக்கு நினைவில் நின்றது விடுதலை. அதைத்தான் சொல்வார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தோட்டத்துச் சனங்களுக்கு என்ன புரிந்தது என்றும் சொல்லியிருக்கிறார். 'விடுதலைன்னா தோட்டத்த விட்டுட்டு ஊருக்குப் போறதுன்னு நெனச்சோம். அம்மா அன்னைக்கு ராத்திரியே பெட்டிய எறக்கித் தொடச்சு வெச்சுது.' கப்பலில் ஏறி வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி. அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

அண்ணனை ஏற்றிப்போன லாரியின் பக்கத்தில் நின்று ஆள் பிடித்தவன் சொன்னதையும் பாட்டி மறக்கவில்லை. மூணு மாசம் வேலை, அப்புறம் விடுதலை.